மார்கழிக் குளிரும் முகச் சிவப்பும்

நமது சங்க இதழின் மருத்துவப் பகுதிக்கு இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருள் பார்ப்பவர்களுக்குச் சிறியது, அனுபவிப்பவர்களுக்குப் பெரியது. கன்னமும் மூக்கும் சிவந்து எரிகிற ‘ரோசேசியா’ என்னும் தோல் நோய் குளிர்காலத்தில் பலருக்கு அதிகமாகிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் மருந்தாளுநராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். “முகத்துக்கு ஒரு க்ரீம் கொடுங்கள்” என்று மருந்துச் சீட்டு இல்லாமல் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

இது என்ன நோய்?

முகத் தோலின் அடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிறு காரணத்துக்கும் விரிந்துகொள்வதே இதன் அடிப்படை. முதலில் சிவப்பு வந்து வந்து போகும். நாளடைவில் அது நிலைத்துவிடும். பருப் போன்ற சிறு கட்டிகளும் தோன்றலாம். பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல் வருகிறது. பெண்களுக்கு அதிகம், ஆண்களில் சிலருக்கு மூக்குத் தோல் தடித்துவிடுவதும் உண்டு. இது தொற்று நோய் அல்ல. மது அருந்துபவர்களுக்குத்தான் வரும் என்பதும் தவறு. மது இதைத் தூண்டும். ஆனால் வாழ்நாளில் மதுவைத் தொடாதவர்களுக்கும் வருகிறது.

நம்மைப் போன்ற மாநிறத்தவரிடம் ஒரு சிக்கல் உண்டு. புத்தகப் படங்களில் காண்பது போன்ற சிவப்பு நம் முகத்தில் தெரியாது. பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியும். அதனால் பரு என்றும், ஒவ்வாமை என்றும், வெயிலில் கறுத்தது என்றும் எண்ணிவிடுகிறோம். பகல் வெளிச்சத்தில் கன்னத்தின் நிறத்தைக் கழுத்தின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பருவில் இருக்கும் கரும்புள்ளி முனைகள் இதில் இருப்பதில்லை. அரிப்பைவிட எரிச்சலே அதிகம். இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் சரியாகச் சொல்ல வேண்டும். தெலுங்கில் எரிச்சலுக்கு ‘மண்ட்ட’, அரிப்புக்கு ‘துரத’, சிவப்புக்கு ‘எருப்பு’ என்பார்கள். புதிதாக இவ்வூருக்குக் குடிவந்தவர்கள் இம்மூன்று சொற்களையும் நினைவில் வையுங்கள்.

குளிர் ஏன் தூண்டுகிறது?

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உடனே சூட்டுக்கு வந்தால் அவை திடீரென்று விரிகின்றன. தீங்கு செய்வது குளிர் மட்டுமல்ல. குளிரும் சூடும் மாறி மாறி வருவதுதான். அத்துடன் வறண்ட காற்று தோலின் ஈரத்தைக் குறைத்துவிடுவதால் சோப்பும் தண்ணீரும்கூட எரிகின்றன.

திருமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அலிபிரியிலிருந்து 3,550 படிகள் ஏறும்போது உழைப்பினால் முகம் சிவக்கிறது. மேலே போனதும் மலைக்காற்று முகத்தில் அடிக்கிறது. நடுங்கிக்கொண்டே கொதிக்கக் கொதிக்கக் காபி குடிக்கிறோம். பிறகு கொதிநீரில் குளியல். மதியம் காரசாரமான சாப்பாடு, கூடவே ஆவக்காய். தூண்டுதல்கள் அத்தனையும் ஒரே நாளில் வந்துவிடுகின்றன! பலமனேர், குப்பம் பக்கம் விடியற்காலையில் இரு சக்கர வண்டியில் செல்பவர்களுக்கும் எதிர்க்காற்றினால் இதே நிலைதான்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. வெதுவெதுப்பான நீரில் மட்டும் முகம் கழுவுங்கள். தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

2. கழுவிய உடனே வாசனை சேர்க்காத, ஈரம் காக்கும் க்ரீம் தடவுங்கள்.

3. வெளியே போகும்போது பருத்தித் துணியால் கன்னத்தையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். கம்பளி முகத்தில் நேரடியாகப் பட்டால் உறுத்தும்.

4. குளிர்காலத்திலும் நம் ஊர் வெயில் கடுமையானதே. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில் காப்பு க்ரீம் தேவை. துத்தநாக ஆக்சைடு கலந்தது எரிச்சல் தராது.

5. காபியை நிறுத்த வேண்டாம், ஆறவைத்துக் குடியுங்கள்.

6. சளிக்கு ஆவி பிடிப்பது, மூக்கருகே தைலம் தடவுவது, முகத்தில் எலுமிச்சை தேய்ப்பது ஆகியவற்றைத் தவிருங்கள்.

7. எல்லோருக்கும் எல்லாமே தூண்டுதல் ஆவதில்லை. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவந்தால் உங்களுக்கு ஆகாதது எது என்று தெரிந்துவிடும்.

எச்சரிக்கை: கடை க்ரீம்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீமை முகச் சிவப்புக்குத் தாமாகத் தடவக் கூடாது. தடவிய இரண்டாம் நாளே சிவப்பு மறையும், முகம் வெளுத்தும் தெரியும். அதுதான் ஆபத்து. வாரக் கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, நரம்பு போன்ற சிவப்புக் கோடுகள் தெரியும். நிறுத்தினால் முன்னிலும் அதிகமாக எரியும். அந்த எரிச்சலைத் தாங்காமல் மீண்டும் தடவுவார்கள். ரோசேசியா இல்லாதவருக்கும் இதனால் அதைப் போன்ற நோய் வந்துவிடுகிறது. நிறம் வெளுக்க என்று பெண் பார்க்கும் சமயத்தில் தோழி சொல்லி வாங்கிய க்ரீமினால் ஆண்டுக் கணக்கில் அவதிப்பட்ட பெண்களை நான் அறிவேன்.

டியூபின் மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருந்துச் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே மாதக் கணக்கில் தடவி வருபவர்கள் பயந்து மறைக்காமல், அந்த டியூபையே மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

மருத்துவரிடம் எப்போது?

சிவப்பு சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தினாலோ, சிவந்து நீர் வடிந்தாலோ தாமதிக்காதீர்கள். இந்நோய் கண்ணையும் தாக்கும். சிவப்புடன் மூட்டு வலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி உதிர்தல் இருந்தால் அது ‘லூப்பஸ்’ என்ற வேறு நோயாக இருக்கலாம், பரிசோதனை அவசியம். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. தமிழிலேயே விளக்கிச் சொல்ல விரும்பும் சித்தூர்க் குடும்பங்களுக்கு வேலூர் சி.எம்.சி. தொலைவில் இல்லை.

மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகிய பூச்சுகளும் டாக்சிசைக்ளின் மாத்திரையும் இதற்குத் தரப்படுகின்றன. கர்ப்பிணிகள் டாக்சிசைக்ளின் சாப்பிடக் கூடாது என்பதால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம். இந்நோயை அடியோடு போக்க முடியாவிட்டாலும் நன்றாகக் கட்டுப்படுத்தலாம். இரண்டு நாளில் வெளுப்பதாகச் சொல்லும் மருந்தைவிட, மெதுவாகக் குணம் தரும் மருந்தே நம் முகத்துக்கு நல்லது.