90 விநாடியில் நீங்கள் யார்?

எஸ்.டி.பி.எம். முடித்து வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் இப்போது என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, காணொளியில என்ன பேசறது? எதைக் காட்டறது?"

இது புதுசு இல்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2010 சேர்க்கையிலேயே ஒரு நிமிடக் காணொளி அனுப்பலாம் என்றது. ஏறக்குறைய ஆயிரம் பேர் அனுப்பினார்கள். பிறகு சிக்காகோ 2 நிமிடம், பிரவுன் 90 விநாடி என்று இடம் கொடுத்தன. விதிகள் மாறும், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மதிப்பெண்ணும் சான்றிதழும் படிவத்திலேயே இருக்கு. அதையே கேமரா முன்னால் ஒப்பிக்க வேண்டாம். படிவத்தில் தெரியாத ஒன்றைக் காட்டத்தான் காணொளி.

இன்னொன்று. நம்மில் பலருக்கு உடனே தோன்றுவது தைப்பூசம்: உறுமி மேளம், காவடி, பத்துமலையின் 272 படிகள். பார்க்க அழகுதான். ஆனா, அதுல நீங்க எங்கே? சமயத்தை அலங்காரப் பொருளாக்காதீர்கள். தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்தவரா? காலியான கோப்பைகள் குவிவதைப் பார்த்து என்ன யோசித்தீர்கள், என்ன செய்தீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

90 விநாடியை நான் இப்படிப் பிரிக்கச் சொல்வேன்:

முதல் 15 விநாடி: நீங்கள் ஏதாவது செய்துகொண்டிருக்கும் காட்சி. "என் பெயர்..." என்று தொடங்க வேண்டாம்.

அடுத்த 45: சந்தித்த சிக்கல், எடுத்த முடிவு, அதன் விளைவு. சரியா வரலைன்னாலும் சொல்லலாம்.

கடைசி 30: இன்னும் விடை தெரியாத கேள்வி ஒன்று. அதற்கும் படிக்கப்போகும் துறைக்கும் உள்ள தொடர்பு.

90 விநாடிக்கு ஆங்கிலத்தில் 200 சொல் போதும். எழுதியதை மனப்பாடம் செய்யாமல், குறிப்பு மட்டும் வைத்துப் பேசுங்கள். கைப்பேசியே போதும். வெளிச்சம் முகத்தில் விழணும், முதுகில் அல்ல. படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள். குரல் கேட்கலைன்னா எல்லாமே வீண். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். அது அடுத்தவர் உழைப்பு. பக்தர்களை அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் வேண்டுதல் உங்கள் விண்ணப்பத்துக்கான காட்சி அல்ல.

வசனத்தை அக்காவோ டியூஷன் ஆசிரியரோ எழுதித் தந்தால், இடம் கிடைத்தாலும் அது உங்களுக்குக் கிடைத்ததாகாது. வாய்மை நம் வகுப்பில் மட்டும் பேசுகிற பாடமில்லையே!

இந்த வாரப் பயிற்சி: உங்களை நன்றாக அறிந்த மூவரிடம், "நான் எதைச் செய்யும்போது நேரம் போறதே தெரியாம இருக்கேன்?" என்று கேளுங்கள். மூன்று பதிலிலும் பொதுவாக இருப்பதை 30 விநாடி பதிவு செய்து, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாங்க. சேர்ந்து பார்ப்போம்.