பம்பின் குரல்

இக்காலப் பெட்ரோல் கார்கள் பலவற்றில், பின்னிருக்கையின் கீழிருந்து வண்டு முரல்வதுபோன்ற ஒலி எழுவதுண்டு. தொட்டியினுள் பெட்ரோலில் அமிழ்ந்திருந்து அதனை எஞ்சினுக்குச் செலுத்தும் மின்பம்பின் குரல் அது. சாவியைத் திருப்பியதும் இரண்டொரு நொடி மெல்ல ஒலித்து அடங்குமாயின் குறையன்று. குழாயில் அழுத்தம் ஏறுகின்றது என்பதே பொருள். வண்டி ஓடுங்கால் ஒலி ஓங்கி ஓயாது கேட்பின், வல்லார் முதற்கண் பெட்ரோலின் அளவை நோக்குவர். பம்பைக் குளிர்விப்பதும் அப்பெட்ரோலே ஆதலின், தொட்டி வற்றுங்கால் பம்பு சூடேறித் தேயும். காற்றையும் உறிஞ்சி இரையும். சிக்கனமெனக் கருதிச் சிறிது சிறிதாக நிரப்புவோர் இதனை எண்ணுவதில்லை. நிரப்பிய பின்னும் இரைச்சல் தணியாவிடின், வடிகட்டி அடைபட்டதோ, பம்பே தேய்ந்ததோ என ஐயுறல் வேண்டும். பம்பு ஓய்ந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். பணிமனையார் எரிபொருளின் அழுத்தத்தையும் பம்பிற்கு வரும் மின்சாரத்தையும் அளந்தே குறையைத் துணிவர்.