இரண்டாவது முறை வாங்குகிறார்களா?

புதுப் பொருளை முதல் முறை ஆசைக்கு வாங்குவார்கள்; "நல்லா இருக்கே, இன்னொன்னு குடுங்க" என்று திரும்பி வந்தால்தான் அது சந்தையில் நிற்கும்.

கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் சிக் ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். பாட்டில் வாங்க முடியாதவர்களுக்குச் சிறு பாக்கெட். ஊர் ஊராகப் போய்த் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கொடுத்தால் புதியது இலவசம் என்றார்கள். வாங்கியவர் மறுபடி கடைக்கு வந்தார்.

மசாலா, ஊறுகாய் தயாரிக்கும் மகளிர் குழுக்களுக்கும் இதுதான் பாடம். சிறு பாக்கெட்டில் தொடங்குங்கள். திரும்ப வாங்கியவர்களை நோட்டில் குறியுங்கள். சொந்தக்காரர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வராதவரிடம் "என்னங்க குறை?" என்று கேளுங்கள். ருசியும் எடையும் மாறக் கூடாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், தயாரித்த தேதி, விலை மூன்றும் பாக்கெட்டில் தெளிவாக இருக்கட்டும்.