பழவேற்காட்டுக் கரையில் சருகு எரிப்போர் கொள்ளத்தக்க நீர்த்தெளிப்புக் கருவி

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்மேடுகளில் சவுக்குத்தோப்பு உடையோர், கோடைக்கு முன் எல்லைச் சருகைக் கொளுத்தித் தீத்தடுப்பு வழி அமைக்க எண்ணுவதுண்டு. அண்டையில் மீனவர் குடிசைகளும் காயும் வலைகளும் இருத்தலால், தீ மூட்டுமுன் நீர்க்கருவியைச் சோதித்தல் அவசியமாம்.

பயிருக்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் முதுகுப்பம்பே பலரிடம் உள்ளது. அதன் நுண்முனை பனிபோல் தூவுதலால் அனலுக்கு முன் நீர் ஆவியாய்ப் போகும்; தாரையாய்ப் பாய்ச்சும் முனையைப் பொருத்துதல் நலம். அங்ஙனம் செய்யினும் அது புகையும் கட்டைகளை அவிக்கவே உதவும். ஓடும் நெருப்பைத் தடுக்க எஞ்சின் பம்பும், எரிக்கும் எல்லை முழுதும் எட்டும் குழாயும் வேண்டும்.

ஏரிநீர் கோடையில் மிகக் கரிக்கும். இரும்பு உறுப்புக்களை அது விரைவில் அரிக்கும். பயிர்நிலத்திற் பட்டால் மண்ணும் கெடும். ஆதலின் மணற்கேணியின் நன்னீரே முதலில் கொள்ளத்தக்கது. ஏரிநீர் ஆபத்துக்கு மட்டும். அப்போதும் உறிஞ்சுகுழாயின் வாயில் சல்லடைக்கூடை இராவிடில் சேறு ஏறிப் பம்பு நின்றுவிடும். மருந்துத் தொட்டியை ஏரியில் அலம்புதல் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் கேடு.

காலையில் தரைக்காற்று கடலை நோக்கும். பிற்பகலில் கடற்காற்று எதிராய்த் திரும்பும். அதுவரை கைக்குள் இருந்த தீ மறுபுறக் குடிசைக்குத் தாவுவது அவ்வேளையிலேயாம். எனவே முற்பகலிலேயே அவித்துவிடுதல் வேண்டும். கிராம அதிகாரிக்கும் தீயணைப்பு நிலையத்தார்க்கும் முன்னாளே அறிவித்தல் வேண்டும். பறவைச் சரணாலயத்தை அடுத்த நிலமாயின் வனத்துறையாரைக் கேளாது மூட்டலாகாது.