விரைவும் செட்டும்

விரைந்து செல்லுதல் இக்காலத்தார்க்கு இயல்பாகிவிட்டது. குறித்த இடத்தைக் குறித்த பொழுதில் அடைதல் நன்றே. எனினும், அவ்விரைவுக்காக நாம் கொடுக்கும் விலை யாது என்று ஆராய்வார் மிகச் சிலரே. நெடுஞ்சாலையில் மோட்டார் வண்டிகளின் வேகத்தைச் சட்டத்தாற் குறைத்தால் எண்ணெய் மிஞ்சுமா? மிஞ்சுமாயின் எவ்வளவு? மக்கள் அதனை ஏற்பரா? இவ்வினாக்களுக்கு ஊகத்தால் விடை கூற வேண்டுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகள் இருபத்தோர் ஆண்டுகளுக்கு மேலாக இதனைச் செய்து பார்த்துள்ளன. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

1973 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகள் சிலவற்றிற்கும் போர் மூண்டது. இஸ்ரேலுக்குத் துணை நின்றமை பற்றி அமெரிக்காவிற்கு எண்ணெய் அனுப்புவதில்லை என எண்ணெய் வளமுடைய அரபு நாடுகள் உறுதி பூண்டன. சில திங்களுக்குள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்மடங்காயிற்று. பெட்ரோல் விற்கும் நிலையங்களின் முன் வண்டிகள் நெடுவரிசையாய்க் காத்து நின்றன. அந்நிலையில், 1974 ஜனவரி 2 ஆம் நாள் குடியரசுத் தலைவர் நிக்ஸன் ஒரு சட்டத்திற் கையெழுத்திட்டார். மணிக்கு 55 மைலுக்கு மேற்பட்ட வேகத்தை அனுமதிக்கும் மாநிலத்திற்கு, நெடுஞ்சாலைப் பணிக்கென மத்திய அரசாங்கம் தரும் பொருள் கிடையாது என்பதே அச்சட்டத்தின் சாரம். வேக வரம்பு வகுத்தல் ஆண்டு மாநிலங்களின் உரிமையாதலின், நேரே ஆணையிடாது இவ்வழி மேற்கொள்ளப்பட்டது. அதுகாறும் 70 மைல் வேகத்தை அனுமதித்த மாநிலங்கள் பல. மான்டானாவிலோ பகற்பொழுதிற்கு எண்ணால் வரையறுத்த வரம்பே இல்லை.

வேகம் குறைந்தால் எண்ணெய் மிஞ்சுவது எங்ஙனம் எனின், கூறுதும். மெல்ல நடப்பவனுக்குக் காற்றின் தடை தோன்றுவதில்லை. சைக்கிளில் விரைந்து செல்வோன் அதனைத் தன் மார்பில் உணர்கின்றான். அத்தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வது. அஃதாவது, வேகம் இருமடங்காயின் தடை நான்மடங்காம். 55 மைல் வேகத்தில் அதனை 100 பங்கெனக் கொண்டால், 70 மைல் வேகத்தில் அஃது ஏறத்தாழ 162 பங்காகும். சக்கரங்களின் உராய்வும் எஞ்சினுள் வீணாகும் வெப்பமும் இக்கணக்கில் அடங்காவாதலின், எண்ணெய்ச் செலவு இவ்வளவு ஏறுவதில்லை. எனினும், 50 மைல் வேகத்தைக் கடந்தபின், ஒரு காலன் எண்ணெயால் செல்லக்கூடிய தூரம் விரைந்து குறைகின்றது.

இச்செட்டிற்காக மக்கள் இழப்பது காலம். 110 மைல் தூரத்தை 70 மைல் வேகத்திற் செல்வோன் 94 நிமிடங்களில் அடைவான். 55 மைல் வேகத்திற் செல்வோனுக்கு இரண்டு மணி நேரமாகும். வேறுபாடு 26 நிமிடங்களே. இஃது உல்லாசமாய்ச் செல்வோனுக்குச் சிறிது. நாள்தோறும் சுமை ஏற்றிச் சென்று கூலி பெறும் லாரி ஓட்டுநனுக்கோ பெரிது. ஆதலின் அவர் குறையை வெறும் பிடிவாதம் எனத் தள்ளுதல் நேர்மையன்று.

இனிப் பயனைக் காண்போம். மிஞ்சிய எண்ணெய், பலர் எதிர்பார்த்ததினும் மிகக் குறைவு. நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்னும் அளவை ஒட்டியதே. இதற்குக் காரணம் இரண்டு. ஓடும் வண்டிகளுள் நெடுஞ்சாலையில் மிகு வேகத்தோடு செல்வன ஒரு பகுதியே. நகர்த் தெருக்களில் ஓடுவனவற்றை இச்சட்டம் தொடவில்லை. மேலும், பலர் அதனை மதித்திலர். மான்டானாவில் பகலில் இவ்வரம்பை மீறியோர்க்கு விதிக்கப்பட்ட தண்டம் 5 டாலரே. லாரி ஓட்டுநர்கள் தம் வண்டியில் வைத்திருந்த சிறு வானொலிக் கருவிகளால், போலீஸார் நிற்கும் இடத்தை ஒருவர்க்கொருவர் அறிவித்துக்கொண்டனர்.

ஆயின், எவரும் முதன்மையாகக் கருதாத மற்றொரு பயன் விளைந்தது. 1973 இல் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டவர் ஏறத்தாழ 54,000 பேர். 1974 இல் அத்தொகை ஏறத்தாழ 45,000 ஆகக் குறைந்தது. எண்ணெய்த் தட்டுப்பாட்டால் மக்கள் பயணத்தைச் சுருக்கியதும் இதற்கு ஒரு காரணமாதலின், முழுமையும் சட்டத்தின் பயன் என்றல் பொருந்தாது. எனினும், 1984 இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் குழுவினர், இவ்வரம்பினால் ஆண்டுதோறும் 2,000 முதல் 4,000 வரை உயிர்கள் காக்கப்படுவதாக மதிப்பிட்டனர்.

அங்ஙனமாயினும் சட்டம் நிலைத்ததா? இல்லை. எண்ணெய் விலை தாழ்ந்தபின், 1987 இல் நாட்டுப்புறப் பெருஞ்சாலைகளில் 65 மைல் வேகத்திற்கு இடம் தரப்பட்டது; 1995 இல் அச்சட்டம் அறவே நீக்கப்பட்டது. எண்ணெயைக் காக்கவென்றே மக்களுக்குச் சொல்லப்பட்ட சட்டம், எண்ணெய் மலிந்ததும் தன் காரணத்தை இழந்தது. உயிர்களைக் காத்தல் என்னும் வலிய காரணமோ மக்கள் உள்ளத்தில் வேரூன்றவில்லை.

இதனால் நாம் கொள்ளத்தக்க பாடம் யாது? எரிபொருட் செட்டிற்கு வேக வரம்பு ஒரு துணையேயன்றி முழு மருந்தன்று. 1975 இல் அதே நாடு, புதிய கார்கள் சராசரியாக ஒரு காலனுக்கு 27.5 மைல் செல்லுமாறு 1985 க்குள் அமைய வேண்டுமென வேறொரு சட்டம் இயற்றியது. வண்டியையே திருத்தும் இத்தகைய வழியும் உடன்வேண்டும். ஆயினும், வண்டிகளை மாற்றப் பல்லாண்டு வேண்டும். வேகத்தைக் குறைக்க ஒரு நாள் போதும். அதனாலன்றோ 2022 மார்ச்சுத் திங்களிலும், சர்வதேச எரிசக்தி முகமை வெளியிட்ட பத்து யோசனைகளுள், நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 10 கிலோமீட்டராவது குறைத்தல் ஒன்றாக அமைந்தது!

இவ்வழியை மேற்கொள்ளும் அரசாங்கம் எதுவாயினும், அதன் பயனை மிகைப்படுத்தாது உள்ளவாறு உரைத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. மிஞ்சும் எண்ணெய் சிறிது. மிஞ்சும் உயிர்களோ பல. பிறனைத் தன்னைப்போல் நேசிக்கக் கற்றவனுக்கு இரண்டாவது காரணம் ஒன்றே அமையும். சாலையில் எதிரே வருவோனும் நமக்குப் பிறனே. அவன் வீடு சேர்தற்பொருட்டு நாம் 26 நிமிடம் பிந்துவோமாயின், அது வீணான காலம் ஆகாது.