குழந்தையின் அச்சமும் பெற்றோரின் நிதானமும்

"பயப்படாதே" என்று அதட்டினால் குழந்தையின் அச்சம் அகன்றுவிடுமா? அது உள்ளே ஒளிந்துகொள்கின்றது, அவ்வளவே. பரீட்சை நாளில் வயிற்றுவலி என்று பள்ளி செல்ல மறுக்கும் சிறுவனை நாம் அறிவோம். நோய் ஏதும் இல்லையென்று மருத்துவர் கூறிய பின்னர், அவனுக்கு நாம் செய்யத்தக்கது யாது?

அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஸ்டீவன் ஹேய்ஸும் அவர்தம் துணைவர்களும் 1999-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட முறையொன்று இதற்கு வழிகாட்டுகின்றது. அச்சத்தோடு போராடாமல் அதனை ஏற்றல், அது எழுவதையும் தணிவதையும் கவனித்தல், அச்சம் இருக்கும்போதே நற்செயலில் இறங்குதல் ஆகியவையே இதன் சாரம்.

முதலில் பெற்றோர் நிதானமாக மூச்சு விட்டுத் தம் கோபத்தையும் கவலையையும் உணர்தல் வேண்டும். பின்னர், "பயம் எங்கே தெரிகிறது? நெஞ்சிலா, வயிற்றிலா?" என்று பரிவுடன் கேட்கலாம். "பயமும் கூடவே வரட்டும், பள்ளி வாசல்வரை சேர்ந்து போவோம்" என்று அழைத்துச் செல்லலாம்.

ஏற்றல் என்பது அடியையும் கேலியையும் பொறுத்துக்கொள்வதன்று. அவற்றைத் தடுப்பது நம் கடமை. இம்முறையை மந்திரமென்றும் கருதலாகாது. பிரிட்டனில் 85 பள்ளிகளில் நடத்தப்பெற்று 2022-இல் வெளியான ஆராய்ச்சியில், வகுப்பு முழுமைக்கும் கற்பித்த மனக்கவனப் பயிற்சி வழக்கமான போதனையினும் மிகுந்த பயன் தரவில்லை.

ஊணும் உறக்கமும் கெட்டு அச்சம் நீடிக்குமாயின், 14416 என்னும் டெலி மானஸ் தொலைபேசியில் கட்டணமின்றி ஆலோசனை பெறுவோமாக.