கூஜாவைக் கழுவிக்கொண்டே எபிரேயம்: பழம்பொருள் சொற்களுக்குச் சில குறிப்புகள்

எருசலேம் பயணத்துக்குப் பணம் சேர்த்துவரும் தோழிகளே, அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜாடியையும் விளக்கையும் அந்த ஊர்ப் பேராலேயே சொல்ல ஆசையா? காலணா செலவில்லாமல் படிக்கலாம்.

1. எழுத்துப் பட்டியலுக்குத் தனியாகப் புத்தகம் வாங்காதீர்கள். தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தைத் திறந்தால் ஆலெப், பேத், கிமெல் என்று 22 எழுத்துகளின் பேரும் வரிசையாகத் தலைப்பில் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுத்தின் வடிவத்தைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

2. பாதிச் சொற்கள் ஏற்கெனவே நம் வாயில் இருக்கின்றன. எபெனேசரில் இருக்கும் 'எவென்' கல், பெயெர்செபாவில் இருக்கும் 'பெஎர்' கிணறு, பெத்லகேமில் இருப்பது வீடு. கற்காலத்துக்கு 'த்குஃபத் ஹாஎவென்'. கல் தெரிந்துவிட்டதால் 'த்குஃபா', அதாவது காலம், மட்டும்தான் புதுசு.

3. பரணில் கிடக்கும் பழைய கூஜாவை இறக்குங்கள். விளிம்பு 'சஃபா', கழுத்து 'ட்ஸவார்', தோள் 'கதேஃப்', கைப்பிடி 'யதீத்', அடிப்பாகம் 'பாசிஸ்'. கழுவும்போது மேலிருந்து கீழே விரலை ஓட்டிச் சொல்லிப் பாருங்கள். மண்ணிலிருந்து எடுத்த ஜாடியை அகழாய்வாளர்கள் விவரிப்பதும் இதே சொற்களால்தான். உதடு, கை என்று உடம்பை ஒட்டியே பேர் வைத்திருப்பதால் சீக்கிரம் மறக்காது.

4. சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் 'அதீக்' (பழமையான) சேர்த்தே படியுங்கள். ஜாடி 'கத் அதீக்', சுருள் 'மெகில்லா அதீக்கா' என்னும்போது ஆண்பால், பெண்பால் தானே பதிந்துவிடும். விளக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்: 'நேர்' ஆண்பால், ஆனால் பன்மை பெண்பால் சொல்போல 'நேரோத்' என்று முடியும்.

5. வேரெழுத்து மூன்றைப் பிடித்தால் ஒரு குடும்பமே வரும். 'ஹஃபிரா' அகழாய்வு, 'லஹ்போர்' தோண்ட, 'மஹ்பேர்' மண் தோண்டும் இயந்திரம். நோட்டில் ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

6. பேத்தும் காஃபும், தாலெத்தும் ரேஷும் பார்க்க ஒரே மாதிரி இருந்து குழப்பும். உடைந்த பூந்தொட்டித் துண்டைத் தூக்கிப் போடாமல், அதில் சாக்பீஸால் எழுதிப் பழகுங்கள். அழித்து அழித்து எழுதலாம். 1935இல் லாகீஸில் கிடைத்த பழைய கடிதங்களும் மையால் பானை ஓட்டில் எழுதியவைதான்!

7. வரைபடத்தில் 'தெல்' என்று பார்த்தால் பழைய ஊர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் புதைந்த மண்மேடு. மெகிதோவும் ஆத்சோரும் அப்படிப்பட்டவை. பெயெர்செபாவோடு சேர்த்து 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன.

8. எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பெயர்ப்பலகைகள் எபிரேயம், அரபு, ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். ஆங்கிலத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, எபிரேயத்தை முதலில் வலமிருந்து இடமாக வாசியுங்கள்.

9. யாராவது போய் வந்திருந்தால் மிச்சமான ஒரு ஷெக்கேல் நாணயத்தைக் கேட்டு வாங்குங்கள். லில்லிப் பூவோடு 'யெஹூத்' என்று பழங்கால எபிரேய எழுத்தில் இருக்கும். இன்றைய சதுர எழுத்தில் அதையே எழுதிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.